முதலாளியின் பெயரில் ஒரு சாட்பாட்

இனிமேல் எங்கள் கடைக்கு யார் செய்தி அனுப்பினாலும் என் பெயர்தான் முதலில் தெரியவேண்டும் என்று சபதம் எடுத்தேன். சபதம் எடுத்த இடம் லண்டன் ஈஸ்ட் ஹாம், கடையின் பின்பக்கம், வெங்காய மூட்டைக்கு மேல் இருந்தபடி.

என் பக்கம் நியாயம் இருக்கிறது. நானும் முதலாளிதான். ஆனால் போனை எடுத்தால், "அக்காவைக் குடுங்கோ." அவ்வளவுதான். பலகையில் 'தவம் கேட்டரிங்' என்று இருப்பதால் வந்த வினை. தவம் என்பது என் மனைவி தவநாயகி. அவள் இறைச்சியும் கிழங்கும் வைத்து ரோல்ஸ் சுற்றுவாள். நான் வாடிக்கையாளரோடு கதைப்பேன். ரோல்ஸ் கேட்டு எடுத்தவருக்கு ஊர் அரசியல் முழுவதையும் விளக்கித்தான் விடுவேன். ஓடர் என்னவென்று கேட்க மட்டும் சில நேரம் மறந்துவிடும்.

வால்தம்ஸ்டோவில் இருக்கும் கம்ப்யூட்டர்காரன் தர்சிகன் எங்களுக்கு ஒரு சாட்பாட் செய்து தந்தான். செய்தி அனுப்பினால் அதுவே பதில் எழுதும், ஓடர் எடுக்கும். பெயர் வைப்பதுதான் பாக்கி.

"ஸ்ரீதரன் எண்டு போடு," என்றேன்.

மறுநாள் அவனிடமிருந்து போன் வந்தது. "அண்ணை, ஏலாதாம். தனி ஆளின்ர பேர் போடக்கூடாதாம்."

"நான் தனி ஆள் இல்லையடா, குடும்பஸ்தன்!"

"செய்தி அனுப்புற செயலிக்காரரின்ர சட்டம் அண்ணை."

"அப்ப 'அண்ணை' எண்டு போடு."

"பொதுச்சொல்லும் ஏலாதாம்."

"'ஈஸ்ட் ஹாம்'?"

"ஊர்ப்பேரும் ஏலாதாம்."

"'முதலாளி' எண்டு போட்டு, பக்கத்திலை மூண்டு நட்சத்திரம்?"

"நட்சத்திரமே கூடாது அண்ணை. கடைப் பலகையிலை என்ன பேரோ, அதுதான் வரவேணுமாம்."

கல்யாணப் பொருத்தம் பார்த்தபோதுகூட நட்சத்திரத்துக்கு இவ்வளவு தடை வரவில்லை. எனக்குத் தலை சுற்றியது. என் பெயர் ஓர் ஆளின் பெயர் என்பதுதான் குற்றமாம். ஆளுக்கு வேறு எந்தப் பெயரை வைப்பது?

தவம் மாப் படிந்த கையோடு எட்டிப் பார்த்தாள். "இஞ்சாருங்கோ, பலகையை மாத்துவம். 'ஸ்ரீதரன் கேட்டரிங்' எண்டு போடுங்கோ. பிறகு சாட்பாட்டுக்கும் அந்தப் பேரை வைக்கலாம்தானே?"

"அப்ப உம்மட பேர்?"

"எனக்கேன் பேர்? நான் ரோல்ஸ் சுத்திறன்."

டிவி ரிமோட்டைக்கூட விட்டுக்கொடுக்காதவள். காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்துதான் இருந்தது. குழப்பம் இன்னும் கூடியது.

பலகை மாறியது. அனுமதியும் வந்தது. 'வணக்கம், நான் ஸ்ரீதரன். என்ன வேணும்?' என்று என் பெயரே லண்டனை வரவேற்றதைப் பார்த்து, வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த கிழமை கடைப் போன் அடித்தது. தவத்தை முந்திக்கொண்டு ஓடி எடுத்தேன்.

"வணக்கம், நான் ஸ்ரீதரன்..."

"ஐயோ, திரும்பவும் இதுவோ!" அப்டன் பார்க்கில் இருக்கும் எங்கள் வாடிக்கையாளர் தாரகாவின் குரல். "இப்ப மெஷினுக்குக் குரலும் குடுத்திட்டாங்களோ?"

"தங்கச்சி, இது முதலாளி கதைக்கிறன்."

"சரி, சரி. பிறந்தநாளுக்கு ரோல்ஸ் வேணும். உறைப்புக் குறைச்சு."

"ஓம், செய்யலாம். அதுசரி, ஊரிலை இந்த முறை எலக்சன் பாத்தனீங்களோ? நான் அப்பவே சொன்னனான்..."

"கேட்டதுக்குப் பதில் சொல்லாம எங்கையோ போகுது! ஆளைக் குடு! ஆளைக் குடு!"

"நான் ஆள்தான் தங்கச்சி!"

"எல்லா மெஷினும் இப்பிடித்தான் சொல்லும்!"

தவம் வந்து போனை என் கையிலிருந்து மெதுவாக வாங்கினாள். "ஓம் தாரகா, நான்தான், சொல்லுங்கோ." எத்தனை, எத்தனை மணிக்கு, எந்த முகவரி, எல்லாம் நொடியில் முடிந்தது. பலகையை அவள் ஏன் அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுத்தாள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கத் தொடங்கியது. இனி ஸ்ரீதரன் என்றால் மெஷின், ஆள் என்றால் அவள்.

"தவம், நான் மெஷின் இல்லை எண்டு சொல்லுமன்!" என்று கெஞ்சினேன்.

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தபடி போனில் சொன்னாள்:

"குறை நினைக்காதேங்கோ தாரகா, ஸ்ரீதரன் எழுத்திலை நல்லாச் செய்யும், கதைக்கத்தான் விடக்கூடாது."