மஞ்சள் துணி போர்த்திய மையத்து

மதிப்புக்குரிய மூத்த அண்ணன் மஸ்லான் அவர்களுக்கு, கோலகங்சாரிலிருந்து தம்பி சம்சூரி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். ஜொகூரில் அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். இங்கேயும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. அப்பாவை அடக்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை.

"அப்பா மையத்தை வெச்சுக்கிட்டு ஊர்ல என்னடா கூத்தடிச்சீங்க?" என்று போனில் கத்தினீர்கள். விமானம் கிடைக்காமல் கடைசி முகம் பார்க்க முடியாத வருத்தம் உங்களுக்கு. ஆனால் கூத்தடித்தது நான் இல்லை, நம் ஊடா அத்தை. வயசான காலத்தில் அவரைக் குறை சொல்லக் கூடாது. எல்லாம் அவருடைய கண்புரையின் வேலை.

பள்ளிவாசல் முற்றத்தைக் காலமெல்லாம் கூட்டியவர் அப்பா. ராஜாவின் யானைகள் சண்டை போட்டு, பள்ளிவாசல் கட்ட வந்த சலவைக்கல்லை நொறுக்கிய கதையை, அது தான் பிறப்பதற்கு முன் நடந்தது என்பதை மறந்து, பக்கத்தில் நின்று பார்த்தவர் மாதிரி வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னவர். அவர் கண்ணை மூட சுல்தானின் பிறந்தநாள் காலைதான் கிடைத்தது. மூடுமுன் கேட்டது ஒன்றுதான்: "என்னைக் காக்க வெச்சிராதீங்கடா. சீக்கிரமா உங்கம்மா பக்கத்துல கொண்டுபோய்ப் படுக்க வெச்சிருங்க."

வீட்டிலேயே தொழுகையை முடித்து, தோளில் தூக்கிக்கொண்டு பெரிய ரோட்டுக்கு வந்தால் குறுக்கே கயிறு. ஊர்வலமாம். "எல்லாம் முடியட்டும் ஐயா, ரெண்டு மூணு மணி நேரம் ஆகும்" என்றான் போலீஸ்காரப் பையன். நான் அவனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தபோது பெட்டி மேல் போட்டிருந்த பச்சைத் துணி சரிந்து சேற்றில் விழுந்துவிட்டது. அத்தை வீட்டுக்கு ஓடி வேறு துணி கொண்டுவந்து போர்த்தினார். திரும்பிப் பார்த்தால் மஞ்சள்! கல்யாணத்தன்று மாப்பிள்ளையும் ராஜா என்று என் மகன் கல்யாணத்துக்குக் கட்டினோமே, அதே ஜரிகைத் துணி. இந்த ஊரில் மஞ்சள் போர்த்திய மையத்து என்றால் அரண்மனை மையத்துதான், சின்னக் குழந்தைக்கும் தெரியும். நான் வாயைத் திறக்குமுன் போலீஸ்காரன் சல்யூட் அடித்துக் கயிற்றை அவிழ்த்துவிட்டான்.

அப்புறம் நடந்ததை எப்படி எழுத! ரோட்டோரக் கூட்டம் மொத்தமும் எழுந்து தலை குனிந்தது. ராஜவம்சத்தில் தனக்கும் ஒரு நூல் ஓடுவதாகச் சொல்லித் திரியும் மெகாட் யுஸ்ரி, விசும்பிக்கொண்டே முன்னால் வந்து பெட்டியைத் தோளில் வாங்கினார். "இது எங்க அப்பா!" என்று கத்தினேன். "உங்களுக்கு மட்டுமா? ஊருக்கே அப்பா மாதிரி இருந்தவர்" என்று தேம்பினார். யார் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை அண்ணா. கேட்டால் மரியாதைக் குறைவாம். நான் தொண்டை கிழியக் கத்தக் கத்தக் கூட்டம் பெட்டியை மேட்டில் ஏற்றி, ராஜாக்களை அடக்கும் இடத்து வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது. அம்மா ஊர்க் கபரஸ்தானில் தனியாகக் கிடக்க, அப்பாவைச் சுல்தான்களோடு படுக்க வைத்துவிடுவார்களோ என்று பெட்டியைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன்.

காவல்காரர் பவ்யமாகக் கேட்டார், "எந்த அரண்மனைங்க?"

அத்தை சொன்னார், "பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி."

மெகாட் யுஸ்ரியின் அழுகை அப்படியே நின்றுவிட்டது. தோளைத் துடைத்துக்கொண்டு, "தரித்திரம் புடிச்ச குடும்பம்" என்று திட்டிவிட்டு இறங்கிப் போனார். கூட்டமும் போய்விட்டது. நாங்கள் ஆறு பேர் மிஞ்சினோம். போலீஸ்காரன் மட்டும், "சல்யூட் அடிச்சாச்சு, இனி என்ன செய்ய? வாங்க" என்று பைக்கில் முன்னால் போய் வழி ஏற்படுத்திக் கொடுத்தான். சாயங்கால அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லுமுன் அப்பா அம்மா பக்கத்தில் படுத்துவிட்டார். மண் தள்ளும்போதுதான் நான் அழுதேன்.

இதுதான் நடந்தது. அத்தையிடம் கோபப்படாதீர்கள், பார்வை மங்கியவர். அல்லாஹ் நம் அப்பாவின் கபரை விசாலமாக்குவானாக. அண்ணிக்கு என் சலாம்.

தங்கள் தம்பி,
சம்சூரி

பின்குறிப்பு: ஒட்டுவதற்கு முன் அத்தைக்கு இதைப் படித்துக் காட்டினேன். "எந்தக் கண்புரை? அதை எடுத்து வருஷமாச்சு. நீ எங்க கேட்ட? உங்க மாமா மௌத்தான அன்னைக்கும் இப்படித்தான் கயித்தைக் கட்டிட்டானுங்க. நீ அப்ப தைப்பிங்ல வேலைல இருந்த. பேண்டு வாத்தியம் போய் முடியிற வரைக்கும் வெயில்ல நின்னோம். நான் ஈ ஓட்டிக்கிட்டே நின்னேன்டா. ஒருத்தன் திரும்பிப் பார்க்கல. எங்கண்ணனையும் அப்படி நிக்க வைப்பேனா?" என்றார்.