தாழ்ப்பாள் ஒப்படைப்பு

பத்திரப் பதிவு அலுவலகத்துக்குப் புதிதாக வந்த பதிவாளர் நேர்மையானவர். தொல்லை அதிலிருந்துதான் ஆரம்பித்தது. பொறுப்பேற்ற மூன்றாம் நாள் ஒரு சுற்றறிக்கை விட்டார்: ‘பத்திரத்திலுள்ள பழைய ஆங்கிலச் சொற்களுக்குப் பொருள் தெரியாமல் எவரும் கையெழுத்திடலாகாது. பொருள் தெரிந்தபின் அதன்படி நடவாமல் இருக்கவும் ஆகாது.’

நியாயமான உத்தரவு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், தையல்காரம்மா வந்து சேரும்வரை.

ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவரிடமிருந்து, மூன்றாவது மாடியில் அவரே கட்டிய ஒற்றை அறை வீடு ஒன்றை அந்த அம்மாள் வாங்குகிறார். குடியிருக்கும் வாடகை அறையை ஞாயிற்றுக்கிழமைக்குள் காலி செய்தாக வேண்டும். பதிவு முடியாவிட்டால் தையல் மிஷினோடு தெருவில் நிற்க வேண்டியதுதான். அன்று வெள்ளி.

அச்சடித்த பத்திரத்தின் நான்காம் பத்தியில் ‘லிவரி ஆஃப் சீசின்’ என்று ஒன்று இருந்தது. எழுத்தர் அதை முப்பது வருஷமாகப் படித்துப் பார்க்காமல் பாதுகாத்து வந்தவர். பதிவாளர் தடித்த அகராதியைப் பிரித்தார்.

“விக்கிறவர் அந்த நிலத்துல ஒரு பிடி மண்ணெடுத்து, வாங்கறவர் கையில குடுக்கணும். அப்பதான் சொத்து கைமாறும். மண் எங்கம்மா?”

“மூணாவது மாடிங்க சார்.”

“மாடி இருக்கட்டும். மண்?”

பரிசோதகர் குறுக்கே வந்தார். “தூசி வேணா நிறைய இருக்கு சார். நாலு மாசமாப் பெருக்கல.”

பதிவாளர் யோசித்தார். “ஜன்னலைத் திறந்து வெச்சிருந்தீங்களா?”

“புழுக்கத்துக்குத் திறக்காம முடியுமா?”

“அப்ப அது தெருத் தூசி. தெரு நகராட்சியோடது. அதை நீங்க விக்க முடியாது.”

தையல்காரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பதிவாளரும் கல்நெஞ்சக்காரர் அல்ல. பக்கத்தைப் புரட்டினார்.

“வீடா இருந்தா கதவுத் தாழ்ப்பாளைக் குடுத்தாலே போதுமாம். ஆனா அந்த நேரத்துல அந்த இடத்துல வேற யாரும் இருக்கக் கூடாதாம்.”

“என் ரூம்ல யாரும் இல்லியே” என்றார் பரிசோதகர்.

“உங்க ரூம் எதுமேல நிக்குது?”

“ரெண்டாவது மாடி மேல.”

“அது?”

“புரிஞ்சுது சார்.”

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அந்தக் கட்டடத்தின் மீதிப் பதின்மூன்று குடும்பங்களும் தெருவில் நின்றன. கீழ்த்தளத்துப் பல் டாக்டர் கையில் குறடு. அவர் பக்கத்தில் திறந்த வாயை மூடத் தோன்றாத ஒரு நோயாளி. இரண்டாவது மாடி மாமனாரை நாற்காலியோடு தூக்கி வந்திருந்தார்கள். அவர் தூக்கத்துக்கு எந்த இடையூறும் ஏற்படவில்லை. சாட்சிகளும் உள்ளே இருக்கலாகாது என்பதால், பதிவாளரும் எழுத்தரும் எதிர்ப்புற நடைபாதையிலிருந்து அண்ணாந்து பார்த்தார்கள். ஜன்னலோரம் பரிசோதகர் தாழ்ப்பாளைக் கழற்றித் தையல்காரம்மாவின் உள்ளங்கையில் வைத்தார். இறங்கி வந்த பரிசோதகரிடம் கையெழுத்து வாங்கி, மேற்படி கைமாற்றம் கண்ணாரக் கண்டு ஊர்ஜிதம் செய்யப்பட்டது என்று பதிவாளர் அங்கேயே முத்திரை குத்தினார்.

பல் டாக்டர் குறடும் கையுமாக வந்தார். “எங்க பத்திரத்துலயும் அந்த வார்த்தை இருக்கா?”

“எல்லாம் ஒரே அச்சுதான்” என்றார் எழுத்தர்.

“எங்களுக்கு யாரும் தாழ்ப்பாள் குடுக்கலியே.”

“அப்ப உங்களுக்கு வீடு வந்து சேரல” என்றார் பதிவாளர்.

“பத்து வருஷமா இருக்கோமே, அது?”

“அத்துமீறல். இப்ப நீங்களே வெளிய வந்துட்டீங்க, பாராட்ட வேண்டிய விஷயம். வித்தவரைக் கூட்டிட்டு வாங்க, முறைப்படி செஞ்சுடலாம்.”

“அவர் போய்ச் சேர்ந்து எட்டு வருஷமாச்சு.”

“அது கொஞ்சம் சிரமம்தான்.”

எழுத்தர் தொண்டையைக் கனைத்தார். “ஐயா, சுற்றறிக்கைக்கு முந்தின நாள் நீங்க உங்க பேர்ல ஒரு வீடு பதிஞ்சீங்களே. அதுலயும் நாலாம் பத்தி அப்படியேதான் இருக்கு. வித்தவர் வெளிநாடு போயிட்டார்.”

பதிவாளர் நடைபாதையை விட்டுத் தெருவில் இறங்கினார். பதின்மூன்று குடும்பங்களும் நகர்ந்து அவருக்கு நடுவில் இடம் விட்டன.

மேலேயிருந்து தையல்காரம்மா எட்டிப் பார்த்தார். “சார், இப்ப இது என் வீடுதானே?”

“சந்தேகமே வேண்டாம்மா. இந்தத் தெருவுல சட்டப்படி வீடு இருக்கறது உங்களுக்கு மட்டும்தான்.” பிறகு அவர் குரல் குழைந்தது. “ஓரமா ஒரு ஆளுக்கு இடம் கிடைக்குமா? வாடகைக்குத்தான்.”

அம்மாள் தாழ்ப்பாளை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

“மனுவா எழுதிக் குடுங்க சார். பழைய இங்கிலீஷ் வார்த்தை நாலு சேர்த்துக்கங்க. இல்லைன்னா எப்படி நம்புறது?”