வாளி அண்ணை கீறிய ஆறு

கனடாவின் மொன்றியலில் ஆற்றிடம் சுகம் விசாரித்த ஒரே தமிழர் வாளி அண்ணைதான். மற்ற நாங்களெல்லாம் பாலத்தால் காரில் போகும்போது "ஓ, ஆறு" என்றதோடு சரி.

கிழமை நாட்களில் உணவகமொன்றில் கோப்பை கழுவுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் ரொக்ஸ்பரோ ஆற்றங்கரையில் படம் கீறுவார். முதல் ஒரு மணித்தியாலம் தூரிகையைத் தொடமாட்டார்; கரையில் கிடக்கும் பியர் ரின்களை வாளியில் பொறுக்குவார்.

"முகம் கழுவாத ஆளைப் படம் எடுக்கலாமோ தம்பி?"

தூரிகை கழுவிய தண்ணீரைக்கூட ஆற்றில் ஊற்றமாட்டார். போத்தலில் அடைத்து வீட்டுக்குக் கொண்டுபோவார். எடுக்க முடியாத குப்பையை அப்படியே கீறிவிடுவார். ஒருமுறை நடு ஆற்றில் கவிழ்ந்துகிடந்த கடைத் தள்ளுவண்டியைக் கீறி நகரசபைக்கு அனுப்பினார். அவர்கள் வந்து அதைத் தூக்கிப்போனதும் மனிதருக்குச் சந்தோசத்தில் தலைகால் தெரியவில்லை. "பாத்தீரே, என்ர படம் பொய்யாப் போச்சு!"

இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ, என் மாமனாரின் அந்தியேட்டி. முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்ததும் பூ, தேங்காய், தர்ப்பையை ஆற்றில் விடச் சொன்னார் ஐயர். கார் நிறுத்திய இடத்தில் தண்டம் எழுதிவிடுவார்களே என்ற பக்தியில், நான் பிளாஸ்டிக் பையோடே வீசிவிட்டு ஓடினேன்.

அடுத்த மாதம் தமிழ் மண்டபத்தில் அண்ணையின் ஓவியக் கண்காட்சி. தொடக்கவுரை அடியேன், தலைப்பு, 'நதியும் நாமும்'. அதற்கு முதல்நாள் படம் மாட்ட உதவப் போனால், ஒன்றில் என் செம்மஞ்சள் ஜக்கெற், என் வழுக்கை, ஆற்றில் அந்தப் பை.

"இஞ்சேருங்கோ, இது நீங்களெல்லோ?" என்றாள் கூட வந்திருந்த மனைவி. "அப்பான்ர சாமானைப் பையோடயே எறிஞ்சனீங்களோ?"

நாளைக்கு ஊரே பார்க்கும். அண்ணையின் காலில் விழாக்குறை.

"அண்ணை, அந்தப் பையை அழிச்சுவிடுங்கோவன்."

"ஓம். ஆத்தில கிடக்கிறதை நீர் எடும். படத்தில கிடக்கிறதை நான் எடுக்கிறன்."

"இன்னும் அங்கேயோ கிடக்குது?"

"நாணலுக்கை சிக்கியிருக்கு. தெரிஞ்ச ஆளின்ர சாமான். கேக்காமல் எடுக்கலாமோ?"

அன்று பின்னேரமே அண்ணையோடு ஆற்றங்கரைக்குப் போனேன். ஒக்டோபர் மாதத் தண்ணீர். காற்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு இறங்கினேன். மூன்றாவது அடியில், மடித்தது வீண் என்று தெரிந்தது. பையைப் பிடித்துக்கொண்டு பல் கிடுகிடுக்கக் கரையேறினேன்.

அண்ணை வாக்குத் தவறவில்லை. மறுநாள் காலை படத்து ஆற்றில் பை மிதக்கவில்லை. அது என் கையில் இருந்தது. படத்தில் நான் இடுப்பளவு தண்ணீரில் நின்றேன். என் வாழ்நாளில் நான் ஆற்றிய மிகச் சுருக்கமான உரை அன்றையதுதான்.

அந்தப் படம் இப்போது எங்கள் வீட்டுச் சுவரில். கண்டதையெல்லாம் கீறுகிற மனிதர் அதில் ஒரு ஆளை மட்டும் விட்டுவிட்டார்: கரையில் குந்தியிருந்து, தன் கழுத்துச் சால்வையை அவிழ்த்து, விறைத்துப்போன என் கால்களைத் துடைத்துவிட்ட ஒருவரை.