முகம் இல்லாத பாஸ்போர்ட் படம்

படத்தில் தொப்பி இருந்தது. வெள்ளை அங்கி இருந்தது. நடுவில் இருக்க வேண்டிய ஃபதியாலா கெய்தாவைத்தான் காணோம். முகம் இருந்த இடத்தில் கரியை அப்பியது போல ஒரு வட்டம்.

"இது யாரு?" என்று கேட்டார் கெய்தா.

"நீங்கதான் பெரியவரே," என்றான் போட்டோக்காரன் ங்கோலோ குலிபாலி.

"அது சரி. காராமணி தின்னிகிட்டப் போய் மூஞ்சியைக் குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்."

கெய்தாக்களும் குலிபாலிகளும் பரம்பரைக் கேலி முறைக்காரர்கள். ஒருவரையொருவர் "அடிமை", "காராமணி தின்னி" என்று கூப்பிடலாம், வேலை ஏவலாம். ஏவினால் செய்துதான் ஆகவேண்டும். கோபப்பட்டால் பமாகோ நகரம் முழுக்கச் சிரிக்கும்.

"உங்க தாத்தாவுக்கு எங்க வீட்டுல அந்தக் காராமணியும் மிச்சம் இருந்தாத்தான் கிடைக்கும்," என்று ங்கோலோ பதிலுக்குச் சொன்னானே தவிர, உள்ளுக்குள் அவனுக்கு வியர்த்தது. இந்த வருஷ மழைக்காலம் ஓய்ந்த பிறகுதான் ஸ்டுடியோ திறந்திருந்தான். கேமரா மாமனார் வாங்கிக் கொடுத்தது. மெதினா-கூராப் பேட்டையில் மக்காவுக்குக் கிளம்பும் பெரியவர்கள் ஒரு படையே இருந்தார்கள். கெய்தாவின் படம் நன்றாக வந்தால் அத்தனை பேரும் இங்கே வருவார்கள். படம் சொதப்பினால் அவர்கள் ஸ்டேஷன் பக்கத்து ஸ்டுடியோவுக்குப் போவார்கள், கேமரா மாமனார் வீட்டுக்குப் போகும்.

"தப்பு உங்க அங்கி மேல. அந்த வெள்ளையைப் பாத்து லைட் மீட்டர் ஏமாந்துபோச்சு. வெளிச்சம் கொட்டிக் கிடக்குன்னு சொல்லிருச்சு. நானும் லென்ஸைக் குறைச்சு வெச்சுட்டேன். மூஞ்சிக்கு வெளிச்சம் பத்தலை."

"குறைச்சியா? எப்படி?"

விளக்கம் சொல்வது என்றால் ங்கோலோவுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். கேமராவைக் கிட்டே இழுத்தான். "இந்த வளையம் இருக்கே, குழாய் மாதிரி. இப்படித் திருப்பினா வெளிச்சம் நிறைய வரும். அப்படித் திருப்பினா கம்மி."

"இப்படின்னா நிறைய, அப்படின்னா கம்மி," என்று கெய்தா தானே ஒருமுறை திருப்பிப் பார்த்தார். "சத்தமே இல்லாம வழுக்குதே!"

"நல்ல சாமான் பெரியவரே."

மறுநாள் ங்கோலோ வளையத்தை நன்றாகத் திறந்து வைத்தான். கெய்தா நாற்காலியில் உட்கார்ந்தார், தொண்டையைச் செருமினார்.

"டேய் அடிமை, நாக்கு வறண்டு போச்சு. பானைத் தண்ணி கொண்டா."

முற்றத்துக் கடைசிவரை ஓடித் தண்ணீர் கொண்டுவந்தான். குடித்தார். "சீக்கிரம் எடு, மூஞ்சி கலைஞ்சிரும்," என்றார். எடுத்தான். எடுத்ததும் வழக்கம்போல வளையத்தைக் கடைசிவரை திருப்பி மூடி வைத்தான். அப்படி வைத்தால் தூசி போகாது என்பது அவன் நம்பிக்கை.

இந்தத் தடவை படம் பாலில் முக்கி எடுத்தது போல வெளுத்திருந்தது. தொப்பி, தாடி, சுவர் எல்லாம் ஒன்றாகக் கலந்து, மூக்கின் இரண்டு துவாரங்கள் மட்டும் மிஞ்சின.

வாசலில் வறுத்த வேர்க்கடலை விற்கும் அஸான் எட்டிப் பார்த்தாள். அவளும் கெய்தா குலத்துப் பெண்தான். "பேய்க்கெல்லாம் பாஸ்போர்ட் குடுக்கறாங்களா ங்கோலோ?" என்றாள்.

பெரியவரின் மகன் மகான் தலையில் கை வைத்துக்கொண்டான். "வெள்ளிக்கிழமைக்குள்ள ஆபீஸ்ல படம் குடுக்கலேன்னா அப்பா இந்த வருஷம் போக முடியாது. விளையாடறியா?"

"வேணும்னா அடுத்த வருஷம் போயிக்கறேன்டா. பாவம், குலிபாலி என்ன பண்ணுவான்," என்றார் கெய்தா பெருந்தன்மையாக.

அந்தப் பரிவு ங்கோலோவைக் கொன்றது. இப்போது வளையத்தைக் குறைத்து வைத்தான். பெரியவருக்கு மெல்லக் கோலாக் கொட்டை வேண்டியிருந்தது. தெருமுனைவரை ஓடி வாங்கிவந்து கொடுத்துவிட்டுப் படம் எடுத்தான். கழுவிப் பார்த்தால் நெகட்டிவ் ஜன்னல் கண்ணாடியாக இருந்தது. அதில் கெய்தாவும் இல்லை, நாற்காலியும் இல்லை.

"மீட்டருக்குத்தான் பைத்தியம் பிடிச்சிருக்கு," என்று முடிவு கட்டி, அதை ரேடியோ ரிப்பேர்காரரிடம் கொடுத்தான். அவர் சாயங்காலம் அதன் முள்ளை மட்டும் ஒரு காகிதத்தில் மடித்துத் திருப்பிக் கொடுத்தார். மற்றதை இன்னும் தேடுகிறாராம்.

ங்கோலோவுக்கு அழுகை வந்தது. எக்ஸ்போஷர் என்ற வெளிச்சக் கணக்கு தன் மண்டையில் ஏறவே ஏறாது என்று தோன்றியது. மாமனார் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு போகும் காட்சி கண்முன் வந்து வந்து போனது.

வியாழக்கிழமை மகான் தானே அப்பாவை அழைத்துக்கொண்டு வந்து கூடவே நின்றான். மீட்டர் கிடையாது. ங்கோலோ பெரியவரை மர நிழலில் உட்காரவைத்து, அவர் முகத்தையே உற்றுப் பார்த்து, மனசுக்குப் பட்டபடி வளையத்தைத் திருப்பினான்.

"அடிமை, தண்ணி!"

"நீ நில்லு. நான் கொண்டாரேன்," என்றான் மகான்.

"அடிமை சும்மா நிக்கறப்ப நீ எதுக்குடா..." என்று கெய்தா இழுப்பதற்குள் மகான் போய்விட்டான். பெரியவர் வாயை மூடிய அந்த நொடியில் ங்கோலோ அழுத்தினான்.

படம் வந்தது. என்ன படம்! நெற்றிச் சுருக்கம், கன்னத்துத் தழும்பு, அங்கியின் தையல்பூ, தாடியில் ஒவ்வொரு முடி, எல்லாம் இருந்தன. மகான் ங்கோலோவைக் கட்டிப்பிடித்தான். "நாளைக்கே எங்க தெருவுல எல்லாரையும் அனுப்பி வைக்கறேன்!"

கெய்தா மட்டும் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். காராமணி என்ற பேச்சே இல்லை. "நான்தான். சந்தேகமே இல்லை," என்று மெல்லச் சொல்லி, நெற்றியைத் துடைத்துக்கொண்டு மகன் பின்னால் நடந்தார்.

ங்கோலோ வாசலுக்கு வந்து நெஞ்சை நிமிர்த்தினான். "பாத்தியா அஸான், மனுஷன் பேச்சு மூச்சில்லாமப் போறாரு! எக்ஸ்போஷர்னா என்னன்னு இப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. மீட்டராவது ஒண்ணாவது, கண்ணுதான் கணக்கு!"

அஸான் ஒரு பிடி கடலையை அவன் கையில் வைத்தாள்.

"எக்ஸ்போஷர் உனக்கு முன்னாடியே அவருக்குப் புரிஞ்சுபோச்சுடா. நீ தண்ணிக்கும் கோலாவுக்கும் ஓடறப்பல்லாம் எழுந்து வந்து வளையத்தைத் திருப்பிட்டுப் போய் உக்காந்துக்குவாரு. மக்காவுக்கு நடந்துகூடப் போவாராம், ஏரோப்பிளேன்ல மட்டும் ஏறமாட்டாராம்."