சாமை மில்லில் மைக் போட்ட விசாரணை

மதிப்பிற்குரிய பூங்கோதைச் சித்திக்கு,

அன்பரசி வணங்கி எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நான்கு ஆடுகளும் சுகம். கணியம்பாடியில் நீங்களும் சித்தப்பாவும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசினால் எனக்கு வாய் வராது, அம்மாவும் பக்கத்தில் நின்று கேட்பாள். அதனால்தான் கடிதம்.

நான் முதலில் கவனித்தது நாற்காலியைத்தான். நீங்கள் சொல்லிச் சேர்த்துவிட்ட சாமை அரிசி மில்லில் நான் எடை போட்டு பாக்கெட் கட்டுகிறேன் அல்லவா, எங்கள் சூப்பர்வைசர் மணிவேலின் நாற்காலி தினமும் ஒரு முழம் என் தராசுப் பக்கம் நகர்ந்து வந்தது. திங்கட்கிழமை வாசலில் இருந்தது, வெள்ளிக்கிழமை முழங்கை இடிக்கும் தூரத்துக்கு வந்துவிட்டது. "சிரிச்சா இன்னா கொறஞ்சா பூடும்? நம்பர் குடு, ஓவர்டைம் இருந்தா சொல்றேன்" என்பார். பின்னலில் உமி ஒட்டியிருக்கிறது என்று கை நீட்டுவார். மில்லில் யார் தலையில் உமி இல்லை? என்னோடு வேலை செய்யும் பச்சையம்மா அக்கா தலையில் ஒரு மரக்கால் இருக்கும், அதை அவர் தட்டிவிட்டதே இல்லை. என் கண் தராசை விட்டு நாற்காலிப் பக்கமே போய் அரைக் கிலோ பாக்கெட்டெல்லாம் அறுநூறு கிராம் ஆகிவிட்டது. வாங்கியவர்கள் மில்லைப் புகழ்கிறார்களாம். எட்டாவதோடு படிப்பை நிறுத்திய எனக்குப் பதினெட்டு முடிந்து கிடைத்த முதல் வேலை இது. அதை விடவும் மனமில்லை, அங்கே போகவும் கால் வரவில்லை.

சுவரில் புகார்க் குழு என்று ஒரு நோட்டீஸும், அதன் கீழே பூட்டுப் போட்ட பெட்டியும் இருந்தன. மணிவேலின் பெயர் போட்டு, என் பெயர் போடாமல் ஒரு சீட்டு எழுதிப் போட்டேன். குழுத் தலைவி மாணிக்கம்மாள் அதைப் படித்துவிட்டு முதலாளி லட்சுமணன் அண்ணனிடம் சொல்ல, அவர் கொதித்துப்போனார். நல்ல மனிதர்தான் சித்தி. ஆனால் விசாரணை என்றால் அவருக்குத் தெரிந்தது ஊர்ப் பஞ்சாயத்து ஒன்றுதான். மறுநாளே மில்லுக்குள் பாய் விரித்து, தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, கோயில் மைக்கைக் கொண்டுவந்து, எல்லோருக்கும் போண்டாவும் சொல்லிவிட்டார். "நம்ம மில்லுல ஒரு பொண்ணுக்குத் தொந்தரவாம். யாரும்மா அது? பயப்படாம எழுந்து நில்லு. மணிவேலு, நீயும் வா, இப்பவே தீத்துக்கலாம்!" என்று பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும்படி முழங்கினார். நான் போண்டாவை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் சாக்குக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். அப்போது பச்சையம்மா அக்கா எழுந்து, "நான்தான் எழுதுனேன்" என்றது.

"உனுக்கு எழுதவே தெரியாதே!" என்றார் முதலாளி.

"யாரு எழுதுனா உனுக்கு இன்னா? தொந்தரவு நெசமான்னு பாரு."

அந்த நேரம் பார்த்து, குழுவில் வெளி ஆளாக இருக்கும் செங்கத்து வக்கீல் சிவசங்கரி மேடம் வந்தார். பாயைப் பார்த்தார், மைக்கைப் பார்த்தார், ஒயரைப் பிடுங்கினார். "இன்னாங்க இது, காதுகுத்தா? ஒவ்வொருத்தரா, ரகசியமா விசாரிக்கணும். மொதல்ல நீங்க வெளிய போங்க." முதலாளி தம் மில்லுக்கு வெளியே போண்டாத் தட்டோடு ஒன்றரை மணி நேரம் நின்றார். என் முறை வந்தபோது எனக்குப் பேச வரவில்லை என்றதும் மேடம் பேனா கொடுத்தார், நான்கு பக்கம் எழுதினேன். "சும்மா தமாஷுங்க!" என்று மணிவேல் போட்ட சத்தம் வெளியே வரை கேட்டது. மேடம் சத்தம் போடாமல் கேட்டது கதவோரம் நின்ற பச்சையம்மா அக்காவுக்கு மட்டும் கேட்டதாம்: "தமாஷுன்னா அந்தப் பொண்ணு சிரிச்சுதா?" விசாரணை முடியும்வரை மணிவேலைச் சந்தவாசல் குடோனுக்கு அனுப்பினார்கள். இன்னும் இரண்டு பெண்கள் இதையே சொன்னதால், போன வாரம் வேலையை விட்டே நிறுத்திவிட்டார்கள்.

ஆனாலும் மைக்கில் சொன்னது சொன்னதுதானே சித்தி. பெயர் தெரியாவிட்டாலும் சாக்குக்குப் பின்னால் ஒளிந்தவள் நான் ஒருத்திதான். கடைக்குப் போனால் "மில்லுப் பொண்ணு" என்று திரும்பிப் பார்க்கிறார்கள். மூன்று நாளாக வேலைக்குப் போகவில்லை. இனி அந்த வாசலை மிதிக்கவும் மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வந்து என்னை அழைத்துப் போங்கள்.

சித்தப்பாவுக்கு என் வணக்கம். உங்கள் வீட்டில் அடுப்பும் சிரிப்பும் அணையாமல் இருக்கட்டும்.

உங்கள் அக்கா மகள்,
அன்பரசி

பின்குறிப்பு: வர வேண்டாம் சித்தி. நேற்று கவரை ஒட்டுவதற்குள் லட்சுமணன் அண்ணன் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். "ஊரக் கூட்னது என் தப்பும்மா. குழுவுக்கு இன்னொரு ஆளு வேணும். பச்சையம்மா உம் பேரத்தான் சொல்லுது" என்றார். "எனக்குப் பேச வராதுங்கண்ணா" என்றேன். அவரிடம் நான் இவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் முறை. "பேசறதுக்கு பச்சையம்மா கீது. நீ எழுது" என்றார். குழுவில் சேரக் கையெழுத்துப் போட்டேன். இன்று காலை மில்லில் புதிதாக ஒரு பெண் தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, என் பெயரைச் சொன்னேன்.