நான்கு கோழிகளும் ஒரு ஐந்தரை மணியும்

பத்தே நாளில் நான்கு கோழிகளும் நான் அடித்த பெட்டிக்குள் முட்டையிடும். இல்லாவிட்டால் கோழிகளோடு சுத்தியலையும் சேர்த்துத் தூக்கிக் கொடுத்துவிடுகிறேன் என்று பக்கத்து வீட்டு டெய்லரம்மாவிடம் மதிலுக்கு மேலாகச் சவால் விட்டுவிட்டு உள்ளே வந்தார் அவர்.

கட்டட வரைபடம் வரைவது அவர் தொழில். நான்கு கோழிக்கு நான்கு அறை. அறைக்கொரு சாக்குத் திரை, வைக்கோல் மெத்தை, ஆசை காட்ட ஒரு மர முட்டை. தாம் குடியிருக்கும் வீட்டுக்குக்கூட அவர் இத்தனை பாடுபட்டதில்லை. வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர்களைப் போலக் கோழிகள் ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்தன. காற்றோட்டம் பத்தாது என்கிற முகத்தோடு திரும்பிப் போயின. சாயங்காலம் அவர் ஆபீசிலிருந்து வந்து பார்த்தால், முட்டைகள் அழுக்குத் துணிக் கூடையில். அதுவும் அவருடைய சட்டைமேல்.

மனைவியின் கவலை வேறு. அவள் தூங்கி ஆறு மாதமாகிறது. கைக்குழந்தை விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்துகொள்ளும். தூக்கி வைத்துக்கொள்ளாவிட்டால் எட்டரை வரை அழுது தெருவையே கூட்டும். "எனக்குக் குழந்தை தூக்க வராதும்மா, கழுத்து நிக்கட்டும்" என்று அவர் ஒதுங்கிக்கொண்டார். கழுத்து நின்று மூன்று மாதம் ஆகிவிட்டது. அவர் இன்னும் ஒதுங்கியே இருந்தார்.

இரண்டாம் நாளும் கூடையில்தான் முட்டை.

"என்னங்க, கோழிங்க பயப்படுதுங்க" என்றாள் மனைவி.

"பெட்டியப் பாத்தா? அளவெல்லாம் கச்சிதமா இருக்கே!"

"பெட்டியப் பாத்து இல்ல, உங்களப் பாத்து. ரெண்டு வாரமா டமால் டமால்னு அடிச்சீங்க. கொஞ்ச நாள் பக்கத்துல சத்தம் போடாம உக்காந்து பழகணும். காலையில அஞ்சரைக்கு."

"அவ்வளவுதானே? உக்காந்துட்டாப் போச்சு."

"தனியா உக்காந்தா பிடிக்க வந்திருக்கீங்கன்னு நெனைக்கும். மடியில ஒரு குழந்தை இருந்தா நம்பும்."

அவர் யோசித்தார். தொழில்நுட்ப ரீதியில் தப்பு ஏதும் தெரியவில்லை.

"எதுவரைக்கும்?"

"எட்டரை போதும். பாவம், நீங்க ஆபீசுக்குக் கெளம்ப வேண்டாமா?"

முதல் காலை குழந்தை அவரைப் பார்த்து அழுதது. கோழிகள் குழந்தையைப் பார்த்து ஓடின. மறுநாள் தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டால் சட்டை பிழைக்கும் என்று கண்டுபிடித்தார். அதற்கடுத்த நாள், "உள்ளே போம்மா, ஒண்ணு போடும்மா" என்று கோழிகளைக் கெஞ்சி ராகமாக முனகினார். கோழிகள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குழந்தை தூங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் எட்டரை மணிக்கு முழ நீளச் சாமான் லிஸ்டோடு மனைவி அவரைக் கடைக்கு அனுப்பினாள்.

தினமும் வீடு திரும்பியதும் அதே கேள்வி.

"இன்னைக்கு?"

"கூடையிலதாங்க" என்பாள், பெருமூச்சோடு. இத்தனை துக்கத்திலும் இவள் முகம் எப்படித் தெளிந்துகொண்டே வருகிறது என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

"சார், கோழிக்கு இடம் ஒதுக்கியாச்சு" என்றார் டெய்லரம்மா மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து. "சுத்தியல் மாட்ட ஒரு ஆணிதான் வேணும். அதையும் நீங்களே அடிச்சுக் குடுத்துடுங்க."

ஒன்பதாம் நாள் ஆபீசில் தண்ணீர்க் குழாய் வெடித்து வரைபடமெல்லாம் மிதந்தது. பத்து மணிக்கே எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பின்பக்கக் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றார்.

முதல் அறையின் திரை ஆடியது. உள்ளே ஒரு கோழி. வெளியே மூன்று கோழிகள் வரிசையில், முன்னால் நிற்பதைக் கொத்திக்கொண்டு. மற்ற மூன்று அறைகளும் காலி. உள்ளே இருந்தது ஊரையே எழுப்பும்படி கொக்கரித்துக்கொண்டு இறங்கியது. இடுப்பில் குழந்தையோடு மனைவி வந்தாள். திரைக்குள் கையை விட்டு முட்டையை எடுத்தாள். கூடைக்குப் போனாள். அவருடைய சட்டையைத் தேடி எடுத்து விரித்து, அதன்மேல் பதமாக வைத்தாள்.

"ஏய்!"

அவள் திரும்பினாள். பதற்றமே இல்லை.

"சீக்கிரம் வந்துட்டீங்களே, காப்பி போடட்டுமா?"

"பெட்டியில முட்டை போடுதா? எத்தனை நாளா?"

"நீங்க உக்கார ஆரம்பிச்ச அன்னையிலேர்ந்து."

"நான் ஒரு முட்டையக்கூடப் பாக்கலியே!"

"இதுங்க ஒன்பது மணிக்கு மேலதாங்க போடும்."

"அப்ப அஞ்சரைக்கு நான் எதுக்குடி உக்காந்தேன்?"

குழந்தை அவரைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் நீட்டித் தாவியது. அவர் கோபத்தை நிறுத்தாமலே வாங்கித் தோளில் போட்டுத் தட்டத் தொடங்கினார்.

"சரி, கோழி பழகிடுச்சு. சவால்ல ஜெயிச்சாச்சு. நாளையிலேர்ந்து நான் உக்காரத் தேவையில்ல."

"கோழி நீங்க உக்காந்த அன்னைக்கே பழகிடுச்சுங்க" என்றாள் அவள், கொட்டாவியை அடக்கிக்கொண்டு. "நீங்க பழகத்தான் ஒரு வாரம் ஆச்சு."