அசையாதே என்று சொன்ன கல்

ஆனந்தராசா ஒரு முடிவு எடுத்தார். சும்மா எடுக்கவில்லை. குளியலறைக்குள் போய், கதவைப் பூட்டி, குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காதபடி எடுத்தார். அந்த வீட்டில் அவர் எடுக்கிற முடிவெல்லாம் அந்த அறைக்குள்தான் பிறக்கும். பெரும்பாலும் அங்கேயே தண்ணியோடு தண்ணியாகப் போயும் விடும்.

இந்த முறை முடிவு இதுதான்: செத்தாலும் நகரத்துக்கு வெளியே லவாலுக்கு வீடு மாறிப் போவதில்லை.

லவாலில் என்ன குறை என்று கேட்பீர்கள். ஒரு குறையும் இல்லை. நல்ல வீடு. பின்னால் வளவு, முன்னால் கார் விட நீளமான பாதை. அந்தப் பாதையில் கொட்டுகிற பனியை அள்ள ஆனந்தராசா. பக்கத்து வீடு அவருடைய மனைவி இந்திராதேவியின் தமையன் பேரின்பநாதனுடையது. பேரின்பநாதனிடம் பனி தள்ளுகிற மெசின் இருக்கிறது. அதை அவர் யாருக்கும் இரவல் கொடுக்கமாட்டார். புத்திமதி மட்டும் கேட்காமலே கொடுப்பார். வேலிக்கு அந்தப் பக்கத்தில் மச்சான் நின்று, "பனி அள்ளுற சவளை அப்பிடிப் பிடிக்கப்படாது" என்று சொல்ல, இந்தப் பக்கத்தில் தான் குனிந்து நிற்பதை நினைத்த உடனேயே ஆனந்தராசா குழாயை இன்னும் கொஞ்சம் கூடத் திறந்துவிட்டார்.

இப்போது இருக்கிற பார்க் எக்ஸ்டென்ஷனில் அவருக்கு எல்லாம் காலடியில். இருப்பது மூன்றாம் மாடியில். வாசல் பனி வீட்டுக்காரன் பாடு. கீழே இறங்கினால் கடை, கடையில் ரோல்ஸும் தேத்தண்ணியும். சனிக்கிழமை பின்னேரம் கடையின் பின்னறையில் கடுதாசி விளையாட்டு. முந்நூற்றிநாலு என்கிற அந்தச் சீட்டாட்டத்தில் அவரை அடிக்க இந்த வட்டாரத்தில் ஆள் இல்லை. அவருடைய பெயரில் ஆனந்தமும் இருக்கிறது, ராசாவும் இருக்கிறது. இரண்டும் அவருக்கு வாய்ப்பது அந்தப் பின்னறையில் மட்டும்தான்.

அதை விட்டுப் போவதாவது.

ஆனால் நேரே சொல்ல முடியுமா? இந்திராதேவியிடம் நேரே 'மாட்டேன்' சொன்ன ஆம்பிளை இன்னும் பிறக்கவில்லை. அவள் பஞ்சாங்கம் பார்க்காமல் பல்லும் விளக்கமாட்டாள். ஆகவே தெய்வ பலத்தைத்தான் ஆனந்தராசா முதலில் நம்பினார்.

"சாத்திரியார் என்னவாம்?"

"குரு பார்வை விழுதாம். கண்ணை மூடிக்கொண்டு வாங்கட்டாம்."

"வாஸ்து?"

"குசினி தென்கிழக்கு. வேற என்னப்பா வேணும்?"

"பல்லி ஏதும் சொல்லேல்லையோ?"

"இந்தக் குளிருக்குள்ள பல்லிக்கு நான் எங்கை போறது? ஞாயிற்றுக்கிழமை அண்ணை வருவார். போய்க் கையெழுத்து வைச்சிட்டு வருவம்."

குரு அவள் பக்கம். அக்கினி மூலை அவள் பக்கம். பல்லி ஆள் இல்லை. ஊர்த் தெய்வமெல்லாம் மொத்தமாகக் கட்சி மாறிவிட்டன என்பது ஆனந்தராசாவுக்கு விளங்கியது. இனி வெளிநாட்டுத் தெய்வம்தான் கதி.

அது தொழிற்சாலையிலேயே கிடைத்தது. பிஸ்கற் பெட்டி அடுக்குகிற வரிசையில் அவருக்குப் பக்கத்தில் நிற்பவள் செலீன். கியூபெக் பொம்பிளை, நல்ல மனுசி. அவள் கழுத்தில் ஒரு சின்னக் கல் தொங்கும். கல்லில் நேராக ஒரு கோடு. என்ன அது என்று ஆனந்தராசா வாய் தவறிக் கேட்டுவிட்டார். யாராவது கேட்கமாட்டார்களா என்று அவள் வருசக்கணக்காகக் காத்திருந்திருக்கிறாள்.

அது வடக்கே பனி நாட்டுப் பழைய சனங்களின் எழுத்தாம். ரூன் என்று பெயராம். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பலன். கல்லில் எழுதிப் பைக்குள் போட்டு, கண்ணை மூடி ஒன்றை எடுத்தால் அது வழி சொல்லுமாம். இந்த ஒற்றைக் கோட்டுக்குப் பெயர் ஈசா. பொருள் பனிக்கட்டி. உறைந்து நில், ஒன்றும் தொடங்காதே, உனக்குள்ளே அமைதியாக இரு என்பது அதன் வாக்கு. செலீன் இந்தக் கல்லால் நிறையப் பலன் கண்டவள். மேற்பார்வையாளர் வேலைக்குக் கேட்டார்களாம். கல்லைப் பிடித்தாளாம். 'பொறு' என்றதாம். பொறுத்தாள். வேலை வேறொருத்திக்குப் போய்விட்டது. மனம் எவ்வளவு நிம்மதி தெரியுமா என்றாள். ஆன்மீகம் என்றால் அதுதான் போலிருக்கிறது.

"வீடு மாறுறவைக்கு என்ன எழுத்து நல்லது?" என்று ஆனந்தராசா தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் கேட்டார்.

அவள் பெட்டி மட்டையில் கீறிக் காட்டினாள். ஆங்கில ஆர் எழுத்து மாதிரி ஒன்று. ஒரு காலை முன்னுக்கு வைத்து நடக்க வெளிக்கிட்ட ஆள் போல. பயண எழுத்தாம். அதைத்தான் வீட்டுப் பக்கம் அண்டவிடக் கூடாது என்று ஆனந்தராசா குறித்துக்கொண்டார்.

ஈசா மட்டும் அவருக்கு அப்படியே பிடித்துப்போயிற்று. 'இருந்த இடத்தில் இரு' என்று சொல்ல ஒரு தெய்வம். இவ்வளவு காலமும் இது எங்கே இருந்தது என்று நினைக்க அவருக்குக் கண் கலங்கியது.

டொலர் கடையில் மீன் தொட்டிக்குப் போடுகிற கூழாங்கல் ஒரு பை வாங்கினார். குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டினார். பிரிட்ஜ் கதவுப் பலகையில் சாமான் எழுதி அழிக்கிற கறுப்புப் பேனாதான் கைக்கு அகப்பட்டது. எல்லாக் கல்லிலும் ஒவ்வொரு கோடு. தெய்வத்துக்குத்தான் என்ன கருணை. இத்தனை எழுத்துக்குள் சோம்பேறிக்கு வேண்டிய எழுத்தை ஒரே இழுப்பில் முடிகிறதாகப் படைத்திருக்கிறது.

வியாழக்கிழமை பின்னேரம் கதையைத் தொடங்கினார்.

"இஞ்சை பார் தேவி. குரு, சனி எல்லாம் எங்கட ஊர்க் கிரகங்கள். வெயிலில நிண்டு பழகினதுகள். மைனஸ் இருபதில அதுகளுக்கு என்ன தெரியும்?"

"அதுக்கு?"

"பனி நாட்டுச் சாமியிட்டையும் ஒரு சொல்லுக் கேக்கிறதுதானே மரியாதை. எங்கட செலீன் தந்த கல்லு இது. அவையின்ர பழைய சாமிக் கல்லு."

இந்திராதேவி யோசித்தாள். "அதுவும் ஞாயம்தான். கிணறு வெட்டுறதெண்டாலும் அந்த இடத்து வைரவருக்குத் தேங்காய் உடைச்சிட்டுத்தானே வெட்டுறது."

இவ்வளவு சுகமாக விழுவாள் என்று ஆனந்தராசா எதிர்பார்க்கவில்லை. அவள் கை கால் கழுவி, திருநீறு பூசி, கண்ணை மூடிப் பைக்குள் கையை விட்டாள்.

"ஒரு கோடு கிடக்கு."

"அட கடவுளே." ஆனந்தராசா நெஞ்சில் கை வைத்தார். "ஈசா."

"ஈசன் மாதிரிக் கிடக்கு."

"எல்லாச் சாமியும் ஒண்டுதானே. பனி எண்டு அர்த்தம். அசையாதே எண்டு சொல்லுது. இருந்த இடத்தில இரு எண்டுது."

"கட்டாயம் அசையப்படாதோ?"

"அசைஞ்சால் பொல்லாத தோசம்."

அவள் கல்லைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். உடனே தமையனுக்குப் போன் எடுத்தாள். "அண்ணை, இந்தக் கிழமை வேண்டாம். சகுனம் சரியில்லை. அடுத்த ஞாயிறு வாங்கோ, பாப்பம்." போனை வைத்துவிட்டு, "பையைத் தாங்கோ. நாளைக்கு வெள்ளிக்கிழமை. புதுச் சாமி வந்தால் பால் அபிஷேகம் செய்துதானே சாமித்தட்டில வைக்கவேணும்" என்றாள்.

"செய், செய். வடிவாச் செய்."

இப்படி ஒரு பக்தியுள்ள பெண்சாதி கிடைக்க நான் என்ன தவம் செய்தேனோ என்று அவருக்கு உண்மையிலேயே அவள்மேல் அன்பு பொங்கியது.

வெள்ளிக்கிழமை வேலையால் வந்தபோது இந்திராதேவி சோபாவில் இருந்தாள். இரண்டு கையும் மடியில். குசினி சில்லென்று கிடந்தது.

"தேத்தண்ணி?"

"கல்லு எடுத்தது ஆரப்பா?"

"நீ."

"பலன் எடுத்தவைக்கோ, பக்கத்தில நிண்டவைக்கோ?"

ஆனந்தராசா குனிந்து சப்பாத்தைக் கழற்றினார்.

"அசையாதே எண்டு எனக்கெல்லோ சொன்னது. அசைஞ்சால் பொல்லாத தோசமெண்டு நீங்களே சொன்னியள்."

"அது வீடு மாறுறதைப் பற்றி..."

"அப்பிடி விளக்கம் ஒண்டும் அது தரேல்லை. ஒரு கோடுதான் தந்தது."

"வாய் மட்டும் அசையுது?"

"பனிக்கட்டிக்குக் கீழ தண்ணி ஓடுறேல்லையோ? புட்டுக்கு மா வறுத்துக் கிடக்கு. தேங்காய் துருவேல்லை."

அன்றைக்குத் தொடங்கியது ஆனந்தராசாவின் ஆன்மீக வாழ்க்கை. புட்டு அவித்தார். அது கல்லாக வந்தது. அதிலும் ஒரு கோடு போட்டிருக்கலாம். ஊத்தை உடுப்பை மூன்று மாடி இறக்கி, நிலவறை மெசினில் தோய்த்து, மூன்று மாடி ஏற்றினார். அரிசி மூட்டை ஏற்றினார். சாமித்தட்டுக்கு விளக்கும் அவர்தான் கொளுத்தினார். அவள் இருந்த இடத்தில் இருந்து, "திரியை உள்ளுக்குத் தள்ளுங்கோ, புகையுது" என்றாள். பேரின்பநாதனின் புத்திமதி வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும். இது சோபாவிலிருந்தே வந்தது.

நடுவில் ஒருநாள் கெஞ்சிப் பார்த்தார்.

"தேவி, கொஞ்சமா அசையலாம்தானே. ஒரு ரசம் வைக்கிற அளவுக்கு."

"எனக்கு ஆசை இல்லையெண்டு நினைக்கிறியளோ? பகல் முழுக்க ஒரு வேலை இல்லாமல் இருக்கக் கை எல்லாம் துறுதுறுக்குது. உங்களுக்கு ஒரு தோசம் வந்திடுமோ எண்டுதான் பல்லைக் கடிச்சுக்கொண்டு இருக்கிறன்."

அசையாமை தொடங்கிய மறுநாளே சனிக்கிழமை. கடுதாசிக்குப் போக முடியவில்லை. பானை அடிப்பிடித்துவிட்டது. அடுத்த சனிக்கிழமையும் போக முடியவில்லை. மீன் வெட்டிக்கொண்டிருந்தார். கடையிலிருந்து போன் வந்தது. "அண்ணை, நீங்கள் வாறேல்லை எண்டு உங்கட கதிரையில புதுசா வந்த றொசானை இருத்தியிருக்கிறம். பெடியன் நல்லா விளையாடுறான்."

மீன் கத்தியோடு அவர் நின்ற கோலத்தைப் பார்த்திருந்தால் கல்லுக்கே இரக்கம் வந்திருக்கும். எந்தக் கதிரைக்காக இவ்வளவும் செய்தாரோ அந்தக் கதிரையே போய்விட்டது.

மறுபடி குளியலறை. மறுபடி குழாய். அங்கேதான் மூளை வேலை செய்தது. பலன் எடுத்தவருக்குத்தானே? அப்படியென்றால் நானே எடுக்கிறேன். பைக்குள் இருப்பதெல்லாம் கோடு. அசையாமை எனக்கு வரும். நான் சோபாவில், அவள் குசினியில். கையெழுத்து வைக்கவும் கை அசையவேண்டுமே, ஆகவே லவாலும் ஒழிந்தது. இதை முதலே யோசிக்காத தன்னைத் தானே அவர் கடிந்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பேரின்பநாதன் வந்தார். "வீட்டை விக்கிறவங்கள் பாத்துக்கொண்டு இருக்கிறாங்கள். இண்டைக்கு ஓமோ இல்லையோ எண்டு சொல்லிப்போட வேணும்" என்றபடி கோட்டைக் கழற்றாமலே இருந்தார்.

"மச்சான், நீங்கள் சாட்சி" என்றார் ஆனந்தராசா. "இந்த வீட்டுக்குத் தலைவன் நான். நான் கல்லு எடுக்கிறன். எது வருதோ அதுக்குக் கட்டுப்படுறன்."

"சத்தியமாவோ?" சோபாவிலிருந்து கேட்டது.

"நல்லூரான் சத்தியமா."

"பேந்து கை வழுக்கிட்டுது, திரும்ப எடுக்கிறன் எண்டு கதை வரப்படாது."

"ஆனந்தராசாவுக்கு ஒரு சொல்லுத்தான்."

கையை விட்டார். எடுத்ததைப் பார்க்கவும் இல்லை. பார்க்க என்ன இருக்கிறது? அப்படியே மச்சானிடம் நீட்டினார். "நீங்களே சொல்லுங்கோ. ஒரு கோடுதானே?"

பேரின்பநாதன் கண்ணாடியைப் போட்டார். "கோடோ? இது ஆரோ நடந்து போற மாதிரியெல்லோ கிடக்கு."

ஆனந்தராசா பறித்துப் பார்த்தார். ஒரு காலை முன்னுக்கு வைத்து ஒருத்தன் வெளிக்கிட்டு நின்றான். மாதுளம்பழச் சிவப்பில்.

"அது பயண எழுத்தாம்" என்றாள் இந்திராதேவி. "உங்கட போனில நம்பர் பாத்துச் செலீனுக்குப் போன் எடுத்து எல்லா எழுத்தும் கேட்டனான். வீடு மாறுறவைக்கு நல்ல சகுனமெண்டு சொன்னவ. நல்ல மனுசி."

ஆனந்தராசா பைக்குள் கையை விட்டு இன்னொன்றை இழுத்தார். அதிலும் அவன்தான். இன்னொன்று. அவனேதான். பை முழுக்க லவாலுக்கு வெளிக்கிட்டு நின்றார்கள்.

"இதெப்பிடி? பைக்குள்ள முழுக்க..."

"முழுக்க என்னப்பா?"

மச்சான் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். இந்திராதேவியும் பார்த்தாள். சொல்வதென்றால் எல்லாம் சொல்லவேண்டும். குளியலறை, கூழாங்கல், பேனா. மச்சானுக்கு ஆயுள் முழுக்க வேலிக்கு மேலால் சொல்ல ஒரு கதை கிடைத்துவிடும்.

"ஒண்டுமில்லை" என்றார் ஆனந்தராசா.

"அப்ப வெளிக்கிடுவம். பயணம் உங்களுக்கு வந்தது. புருசன் கூட்டிக்கொண்டு போனால் பெண்சாதி அசையலாம்தானே." ஒன்பது நாள் அசையாத இந்திராதேவி துள்ளி எழும்பினாள். கோட்டை மாட்டினாள். மேசையிலிருந்த கார்த் திறப்பை எடுத்து அவர் கையில் வைத்தாள். அந்த விரல்களை அப்போதுதான் ஆனந்தராசா பார்த்தார். நகம் எல்லாம் மாதுளம்பழச் சிவப்பு.

பேரின்பநாதன் முன்னால் படி இறங்கிப் போகும்வரை பொறுத்திருந்து, அவள் அவருடைய சட்டைக் கொலரைச் சரி செய்துவிட்டாள். குரலைத் தாழ்த்தி, வலு அன்பாகச் சொன்னாள்.

"உங்கட கோடெல்லாம் பால் ஊத்தினவுடனே கரைஞ்சு போச்சப்பா. அடுத்த முறை சாமி செய்யிறதெண்டால் நெயில் பொலிஷால செய்யுங்கோ."